கிரேக்கத்தின் கதை கெய்ரோனியாவில் முடிந்ததா?

பண்டைக் கிரேக்கரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லும் நூல்களில் திருப்புமுனைகளின் பட்டியல் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். கி.மு. 490இல் மாரத்தான், 480இல் சாலமிஸ், 431 முதல் 404 வரை ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொண்ட பெலோப்பொனீசியப் போர், 338இல் கெய்ரோனியா, 323இல் அலெக்சாந்தரின் மரணம். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் ரோம் வந்துவிடும். மற்ற திருப்புமுனைகளைப் பற்றி அறிஞர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். கெய்ரோனியாவுக்கு மட்டும் இந்த நூல்கள் தீர்ப்பு எழுதி மூடி வைத்துவிட்டன. மாசிடோனிய மன்னர் இரண்டாம் பிலிப் அந்தக் களத்தில் ஏதென்சையும் தீப்சையும் தோற்கடித்த நாளில் கிரேக்கரின் சுதந்திரம் போனது, மக்களாட்சி மறைந்தது, நகர அரசுகள் வெறும் ஊர்களாயின, சிந்தனை வற்றியது, மிஞ்சியது கிழக்கே போய்க் கலந்து கரைந்தது என்பதே அந்தத் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு தவறு. சிறு திருத்தங்களால் சரிசெய்துவிடக்கூடிய தவறும் அல்ல. கெய்ரோனியாவில் உண்மையாகவே ஒன்று முறிந்தது. அது என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், இந்தத் தீர்ப்பைத் தாங்கி நிற்கும் வாதங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வாதம் 1: அதுவரை நகரங்கள் சுதந்திரமாக இருந்தன, அன்றோடு அது போயிற்று

எந்த நகரங்கள் என்று கேட்டால் இந்த வாதம் ஆட்டம் காணும். பாரசீகரை எதிர்க்க டீலோஸ் தீவை மையமாக வைத்து உருவான கூட்டணியை ஏதென்ஸ் சில பத்தாண்டுகளிலேயே தன் பேரரசாக மாற்றிக்கொண்டது. கி.மு. 454இல் கூட்டணியின் கருவூலம் டீலோசிலிருந்து ஏதென்சுக்கே வந்துவிட்டது. கப்பம் கட்டிய நகரங்களில் ஒன்று விலக நினைத்தால் ஏதென்சின் கப்பல்கள் துறைமுகத்தில் வந்து நிற்கும். 427இல் மிட்டிலீனி கிளர்ந்தபோது அங்குள்ள வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்ல ஏதென்சின் மக்கள் சபை வாக்களித்தது. மறுநாள் மனம் மாறி, ஆணையை நிறுத்த இன்னொரு கப்பலை விரட்டி அனுப்பியது. மீலோசுக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. யார் பக்கமும் சேராமல் இருக்க விரும்பியது மட்டுமே அந்தத் தீவு செய்த குற்றம். 416இல் தொடங்கிய முற்றுகை முடிந்ததும் அதன் ஆண்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

ஏதென்சை வீழ்த்தி எல்லோருக்கும் விடுதலை தருவதாகச் சொன்ன ஸ்பார்ட்டா, பாரசீகப் பணத்தில் கப்பல் கட்டித்தான் வென்றது. வென்ற பிறகு ஏதென்சின் மதில்களை இடிக்க வைத்து, கடற்படையை 12 கப்பல்களுக்குக் குறைத்து, முப்பது பேர் கொண்ட ஒரு கொடுங்கோல் குழுவை ஆட்சியில் உட்கார வைத்தது. 386இல் பாரசீகப் பேரரசர் இரண்டாம் அர்த்தசெர்க்சஸ் விதித்த உடன்படிக்கையை ஸ்பார்ட்டாவே முன்னின்று நிறைவேற்றியது. ஆசியக் கரையிலிருந்த கிரேக்க நகரங்கள் எல்லாம் பாரசீகருக்கே சொந்தம் என்பது அதன் முதல் நிபந்தனை. கெய்ரோனியாவுக்கு 48 ஆண்டுகள் முன்பே மிலேட்டசும் எபேசசும் கிரேக்கரின் கையெழுத்தோடு அந்நியர் கைக்குப் போயின. ஸ்பார்ட்டாவின் வயல்களை உழுத, ஹெலட்டுகள் என்ற அடிமைக் குடியினர் இந்தச் சுதந்திரக் கணக்கில் சேர்க்கப்படவே இல்லை.

இப்போது 338இன் தோல்விக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஏதென்ஸ் அந்தக் களத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இழந்தது. 2,000 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். பிலிப் அவர்களை மீட்புப் பணம் வாங்காமல் திருப்பி அனுப்பினார். நகருக்குள் காவற்படை வைக்கவில்லை. மதில்கள் நின்றன, கடற்படை நின்றது. பெலோப்பொனீசியப் போர் தொடங்கும்போது பெரிக்கிளீசின் ஏதென்சிடம் களத்துக்குத் தயாராக 300 போர்க்கப்பல்கள் இருந்தன. கெய்ரோனியாவுக்கு எட்டு ஆண்டு கழித்து எழுதப்பட்ட கடற்படைக் கணக்குக் கல்வெட்டில் ஏறத்தாழ 400 இருக்கின்றன.

தீப்சின் கதை வேறு. அதன் கோட்டையில் மாசிடோனியக் காவற்படை அமர்ந்தது. 335இல் அது கிளர்ந்தபோது பிலிப்பின் மகன் அலெக்சாந்தர் நகரைத் தரைமட்டமாக்கினார். 6,000 பேர் செத்தார்கள், 30,000 பேர் விற்கப்பட்டார்கள். இந்தக் கொடுமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தண்டனைக்கு வாக்களித்தவர்களில் பிளாட்டியாவும் தெஸ்பியையும் போன்ற அக்கம்பக்கத்துக் கிரேக்க நகரத்தாரும் இருந்தார்கள். தீப்ஸ் தன் கை ஓங்கியிருந்த காலத்தில் அழித்த ஊர்கள் அவை. பெரிய நகரம் சிறிய நகரத்தை விழுங்குவது கிரேக்கருக்குப் பிலிப் வந்து கற்றுக்கொடுத்த பாடம் அல்ல.

வாதம் 2: மக்களாட்சி அன்றோடு மறைந்தது

கெய்ரோனியாவுக்கு இரண்டு ஆண்டு கழித்து, கி.மு. 336இல், ஏதென்ஸ் ஒரு சட்டம் போட்டது. மக்களாட்சியைக் கவிழ்த்துக் கொடுங்கோலாட்சி நிறுவ முனைபவனைக் கொல்பவர் குற்றமற்றவர். அப்படி ஆட்சி கவிழ்ந்தால் அரியோப்பகசு மன்றத்தின் உறுப்பினர்கள் கூடி அமரக் கூடாது, மீறினால் குடியுரிமை போகும். யூக்ரட்டீஸ் முன்மொழிந்த அந்தச் சட்டத்தைப் பொறித்த சலவைக்கல் 1952இல் ஏதென்சின் பழைய சந்தை வெளியில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. மேற்புறத்தில் ஒரு சிற்பம்: தாடி வைத்த முதியவர் அமர்ந்திருக்கிறார், அவர்தான் மக்கள்; பக்கத்தில் நின்று அவருக்கு முடிசூட்டும் பெண்தான் மக்களாட்சி. செத்துப்போன மக்களாட்சி தனக்கே இப்படிக் காவல் சட்டம் எழுதிக்கொள்ளாது.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளும் தளர்ந்த நகரத்தின் ஆண்டுகளாகத் தெரியவில்லை. நிதிப் பொறுப்பை ஏற்ற லைக்கர்கஸ் ஆண்டு வருவாயை 1,200 தாலந்துக்கு உயர்த்தினார். டயோனிசஸ் அரங்கம் கல்லால் கட்டி முடிக்கப்பட்டது. ஈஸ்கிலஸ், சோபக்ளீஸ், யூரிப்பிடீஸ் மூவரின் நாடகங்களுக்கும் அதிகாரபூர்வமான படிகள் எழுதி அரசு ஆவணமாகப் பாதுகாக்கப்பட்டன. அரிஸ்டாட்டில் 335இல் தன் பள்ளியைத் தொடங்கியதும், ஏதென்சின் ஆட்சிமுறை நடந்துகொண்டிருந்த விதத்தை விவரிக்கும் நூல் அந்தப் பள்ளியிலிருந்து வந்ததும் இதே காலத்தில்தான். ஏதென்சின் மக்களாட்சி பற்றி நாம் அறிந்த நுணுக்கங்களில் பெரும்பகுதி கெய்ரோனியாவுக்குப் பிந்தைய ஏதென்சிலிருந்து எழுதப்பட்டவை.

அடி விழுந்தது 322இல். அலெக்சாந்தர் இறந்ததும் ஏதென்ஸ் கிளர்ந்து தோற்றது. மாசிடோனியத் தளபதி அண்டிப்பாட்டர், 2,000 டிராக்மா சொத்துள்ளவர்களுக்கு மட்டுமே குடியுரிமை என்று விதித்தார். ஆயிரக்கணக்கான ஏழைகள் வாக்கை இழந்தார்கள். பிலிப்பை எதிர்த்து உரையாற்றிவந்த டெமாஸ்தெனிஸ், தேடி வந்த வீரர்களின் கையில் சிக்காமல் நஞ்சருந்திச் செத்தார். ஆனால் அதற்குப் பிறகும் ஏதென்ஸ் அடங்கிக் கிடக்கவில்லை. 318இல் மக்களாட்சி திரும்பியது. மறு ஆண்டே போனது. 307இல் மீண்டும் வந்தது. 287 வாக்கில் நகரம் டெமட்ரியஸ் மன்னரின் படையை எதிர்த்து எழுந்தது. அந்தக் கிளர்ச்சியின் கதையை 1971இல் கிடைத்த ஒரு கல்வெட்டு சொல்கிறது. எகிப்திய மன்னரிடம் படைப்பணியில் இருந்த கல்லியாஸ் என்ற ஏதென்ஸ்காரர் ஆண்ட்ரோஸ் தீவிலிருந்து ஆயிரம் வீரர்களோடு வந்து, வயல்களில் நின்ற தானியம் நகருக்குள் பத்திரமாக வந்துசேரக் காவல் நின்று, போரில் காயமும் பட்டார். அவரைப் பாராட்டி மக்கள் சபை போட்ட தீர்மானம் அது. ஏதென்ஸ் 262 வாக்கில் மறுபடி பணிந்தது. 229இல் மாசிடோனியக் காவற்படைக்கு 150 தாலந்து கொடுத்து அதை அனுப்பிவிட்டு மறுபடி நிமிர்ந்தது.

மக்களாட்சி கவிழ்வதும் மீள்வதும் 338க்குப் பிறகு வந்த நோய் என்றும் சொல்ல முடியாது. பொற்காலம் என்று போற்றப்படும் ஐந்தாம் நூற்றாண்டிலேயே 411இலும் 404இலும் அது கவிழ்ந்து மீண்டிருக்கிறது.

ஏதென்சின் அகோரா அருங்காட்சியகத்தில் ஒரு பலகைக்கல் இருக்கிறது. அதன் முகப்பில் வரிசை வரிசையாக மெல்லிய பிளவுகள். பதவிக்குத் தகுதியான குடிமக்களின் பெயர்ச்சில்லுகளை அந்தப் பிளவுகளில் செருகுவார்கள். கல்லின் ஓரமாக ஒரு குழாய்; அதன் வாயில் கருப்பும் வெள்ளையுமாகக் கலந்து உருண்டைகளைக் கொட்டுவார்கள். கீழே ஒவ்வோர் உருண்டையாக விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசையில் உள்ளவர்கள் எல்லோரும் தேர்வு, கருப்பு விழுந்தால் எல்லோரும் வீட்டுக்கு. பணமோ பேச்சுத் திறமையோ குலப் பெருமையோ குறுக்கிட இடமில்லாமல் பதவியைக் குலுக்கலில் தரும் கருவி அது. ஏதென்சின் மக்களாட்சியை விளக்கும் நூல்கள் விரும்பி அச்சிடும் படம் இதுதான். அந்தக் கல் பெரிக்கிளீசின் காலத்தது அல்ல. கெய்ரோனியாவுக்கு நூறாண்டுக்கு மேல் கழித்துச் செதுக்கப்பட்டது.

வாதம் 3: நகர அரசுகள் பொருளிழந்தன, அரசியலில் புதிதாக எதுவும் பிறக்கவில்லை

ரோட்ஸ் தீவின் கதையே இதற்குப் போதுமான மறுமொழி. கி.மு. 305இல் அதே டெமட்ரியஸ் மன்னர், அன்று உலகில் இருந்த மிகப் பெரிய முற்றுகைப் பொறிகளோடு அந்த நகரத்தைச் சூழ்ந்தார். ஓராண்டு முற்றுகைக்குப் பிறகு சமாதானம் பேசிக்கொண்டு கிளம்பினார். முற்றுகையின்போது ரோட்ஸின் மக்கள் சபை இரண்டு முடிவுகள் எடுத்தது. துணிவோடு போரிடும் அடிமைகளை உடைமையாளர்களிடமிருந்து விலைக்கு வாங்கி விடுதலை செய்து குடியுரிமை தருவது ஒன்று. இன்னொன்று, தங்களைத் தாக்கிக்கொண்டிருந்த டெமட்ரியசுக்கும் அவர் தந்தைக்கும் முன்பு எழுப்பிய சிலைகளை உடைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைத் தோற்கடித்தது. நல்ல காலத்தில் செய்த மரியாதையைக் கெட்ட காலத்தில் பறிப்பது தங்கள் மாண்புக்கு அழகல்ல என்று அந்த மக்கள் நினைத்தார்கள். எதிரி விட்டுச்சென்ற பொறிகளை விற்ற பணத்தில்தான் ரோட்ஸின் பேருருவச் சிலை எழுந்தது. இப்படி ஒரு நகரத்தைப் பொருளிழந்தது என்று எதைக் கொண்டு சொல்வது?

புதிதாக எதுவும் பிறக்கவில்லை என்பதும் தவறு. கிரேக்க அரசியலின் பழைய நோய், நகரங்கள் சமமாகச் சேர்ந்து வாழத் தெரியாமல் இருந்தது. சேர்ந்தால் ஒன்று ஆளும், மற்றவை கப்பம் கட்டும். இந்த நோய்க்கு மருந்து தேடியவர்கள் கெய்ரோனியாவுக்குப் பின் வந்தவர்கள். கி.மு. 280இல் பெலோப்பொனீசின் வடகரையில் நான்கு சிறு நகரங்கள் அக்கீய ஒன்றியத்தைப் புதுப்பித்தன. 251இல் சிக்கியோன் நகரைக் கொடுங்கோலனிடமிருந்து மீட்ட அராட்டஸ் அதை இந்த ஒன்றியத்தில் சேர்த்தார். 243இல் கொரிந்தின் மலைக்கோட்டையை ஓர் இரவில் ஏறிப் பிடித்து மாசிடோனியக் காவற்படையை விரட்டினார். ஒன்றியம் பரந்தபோதும் உறுப்பு நகரங்கள் தங்கள் சபைகளையும் நீதிமன்றங்களையும் வைத்துக்கொண்டன. எடை, அளவை, நாணயம் பொது. தலைமைத் தளபதிப் பதவியை ஒருவர் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வகிக்கக் கூடாது. அராட்டஸ் ஓராண்டு விட்டு ஓராண்டு அந்தப் பதவிக்குத் தேர்வானதன் காரணம் இதுதான். 1787இல் அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட புகழ்பெற்ற கட்டுரைத் தொடரில் 18ஆம் கட்டுரை இந்த ஒன்றியத்தை எடுத்து ஆராய்கிறது. கூட்டாட்சி என்ற கருத்தைச் செயலில் காட்டிய முன்னோடிகளைத் தேடியவர்களுக்கு, கிரேக்கம் செத்துவிட்டதாகச் சொல்லப்படும் நூற்றாண்டில்தான் ஒன்று கிடைத்தது.

இன்னும் எளிய, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்த ஒரு புதுமை உண்டு. ஒரு நகரத்தில் கட்சிப் பகை முற்றி, வழக்குகள் தேங்கி, உள்ளூர் நீதிபதிகளை யாரும் நம்பாத நிலை வந்தால் அந்த நகரம் இன்னொரு நகரத்துக்குத் தூது அனுப்பி நீதிபதிகளைக் கேட்கும். இரண்டு மூன்று பேர் வருவார்கள், கூடவே ஒரு எழுத்தரும் வருவார். முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துச் சமாதானம் பேசுவார்கள். முடியாதவற்றுக்கு வாக்களித்துத் தீர்ப்பு சொல்வார்கள். வேலை முடிந்ததும் அவர்களுக்குப் பொன்முடி சூட்டும் தீர்மானத்தை அந்த நகரம் கல்லில் வெட்டும். இத்தகைய நன்றிக் கல்வெட்டுகள் ஈஜியன் கரை நெடுகக் கிடைத்திருக்கின்றன. ஒருகாலத்தில் ஒன்றின் மதிலை ஒன்று இடித்த நகரங்கள், தங்கள் சண்டையைத் தீர்க்க ஒன்றையொன்று நம்பி அழைத்தன. இந்தக் கல்வெட்டுகளில் வாழ்நாளைச் செலவிட்ட பிரெஞ்சு அறிஞர் லூயி ரொபேர், கிரேக்க நகரத்தின் மரணத்தைக் கெய்ரோனியாவில் வைப்பவர்களை விடாமல் மறுத்துவந்தார்.

வாதம் 4: சிந்தனையும் கலையும் வற்றின

இந்த வாதத்துக்கு மறுமொழியாக ஆட்களின் பெயர்களே போதும். யூக்ளிட், ஆர்க்கிமிடீஸ், அரிஸ்டார்க்கஸ், எரட்டோஸ்தெனிஸ், ஹிப்பார்க்கஸ், ஹிரோபிலஸ். எல்லோரும் கெய்ரோனியாவுக்குப் பின் வந்தவர்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று அரிஸ்டார்க்கஸ் முன்வைத்தது மூன்றாம் நூற்றாண்டில். அதே நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரட்டோஸ்தெனிஸ், கோடைத் திருப்ப நாளின் நண்பகலில் சயீனியில் நிழல் விழுவதில்லை என்பதையும், அதே நேரத்தில் அலெக்சாந்திரியாவில் நிழல் வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு சாய்கிறது என்பதையும் வைத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையிலான 5,000 ஸ்டேடியம் தூரத்தை ஐம்பதால் பெருக்கிப் பூமியின் சுற்றளவைச் சொன்னார். ஹிரோபிலஸ் மனித உடலை அறுத்து நரம்பை ரத்தக் குழாயிலிருந்து பிரித்தறிந்தார், நீர்க் கடிகாரம் வைத்து நாடித் துடிப்பை எண்ணினார்.

1901இல் கிரேக்கத் தீவான அண்டிகித்தேராவுக்கு அருகே மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து எடுத்த பொருள்களில் பாசி படிந்த ஒரு வெண்கலக் கட்டி இருந்தது. அது 82 துண்டுகளாக இன்று ஏதென்சில் இருக்கிறது. ஊடுகதிர்ப் படங்கள் அதற்குள் 30 பற்சக்கரங்களைக் காட்டின. ஒரு சக்கரத்தில் 223 பற்கள். கிரகணங்கள் 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை அதே வரிசையில் திரும்ப வரும் என்ற கணக்கு அந்தப் பற்களில் வெட்டப்பட்டிருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் சூரியன், சந்திரன், சந்திரனின் வளர்பிறை தேய்பிறை எல்லாம் முகப்பில் நகரும். பின்புறச் சிறு வட்டமொன்று ஒலிம்பியா, டெல்பி, நீமியா, கொரிந்து ஆகிய இடங்களின் விளையாட்டு விழாக்கள் எந்த ஆண்டில் வரும் என்று காட்டுகிறது. கெய்ரோனியாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிந்தைய கருவி இது. இதற்கு இணையான நுணுக்கத்தோடு பற்சக்கரப் பொறி மறுபடி உலகில் தோன்ற ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆனது. கிரகணக் கணக்கோடு விளையாட்டு விழாக் காலண்டரையும் சேர்த்து வைத்த அந்தக் கைவினைஞருக்கு, ஒலிம்பியாவுக்குப் போவது இன்னும் வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே இருந்திருக்கிறது.

தத்துவத்தில் கதை இன்னும் தெளிவு. எபிக்யூரஸ் ஏதென்சில் தோட்டம் வாங்கியது 306 வாக்கில். அங்கே பெண்களும் அடிமைகளும் சேர்ந்து படித்தார்கள். சைப்ரசிலிருந்து வந்த ஜீனோ ஏதென்சின் ஓவிய மண்டபத்தில் நின்று ஸ்டோயிக் தத்துவத்தைப் போதித்தது 300 வாக்கில். 155இல் ரோமிடம் ஒரு அபராதத்தைக் குறைக்கச் சொல்லி ஏதென்ஸ் மூன்று தத்துவவாதிகளைத் தூது அனுப்பியது. அவர்கள் பிறந்தது சைரீனியிலும், டைக்ரிஸ் கரையின் செலூக்கியாவிலும், ஆசியா மைனரின் பசீலிசிலும். ஏதென்ஸ் அரசியல் பேரரசாக இல்லாத காலத்தில் அறிவின் தலைநகரமாக இருந்தது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

கலை பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் கூட்டம் மொய்க்கும் சாமத்ரேசின் சிறகுள்ள வெற்றித் தெய்வமும் மிலோவின் வீனசும் கெய்ரோனியாவுக்குப் பிறகு செதுக்கப்பட்டவை.

வாதம் 5: கிழக்கே பரவிய கிரேக்கம் கலந்து நீர்த்துப்போனது

இந்த வாதத்துக்குள் ஓர் இன மேட்டிமை ஒளிந்திருக்கிறது. கிரேக்கர் தமக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்தபோது தூய்மையாக இருந்தார்கள், பிறரோடு கலந்ததும் கெட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். சான்றுகள் காட்டுவது வேறு.

ஆப்கானிஸ்தானில் ஆமு தாரியா ஆற்றின் கரையில் ஐ-கானூம் என்ற இடத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் 1960களிலும் 70களிலும் ஒரு முழுக் கிரேக்க நகரத்தை வெளிக்கொணர்ந்தார்கள். அரங்கம், உடற்பயிற்சிக் கூடம், நகரை நிறுவியவரின் நினைவிடம் எல்லாம் இருந்தன. அந்த நினைவிடத்தில், டெல்பிக் கோயிலின் அறநெறி வாசகங்களைத் தானே அங்கு போய்க் கவனமாகப் படியெடுத்து வந்து இங்கே நிறுவியதாகக் கிளியார்க்கஸ் என்பவர் பொறித்திருக்கிறார். டெல்பிக்கும் அந்த இடத்துக்கும் இடையே ஏறத்தாழ 4,000 கி.மீ. அதே நாட்டின் கந்தகாரில் அசோகர் தன் அறச்செய்தியைக் கிரேக்கத்திலும் அராமியத்திலும் பாறையில் வெட்டினார். அது 1958இல் கண்டறியப்பட்டது. நல்ல கிரேக்கத்தில் எழுதப்பட்ட அந்த வாசகம், கிரேக்க மொழியில் பௌத்த மன்னரின் அறம் பேசப்பட்ட நாள் ஒன்று இருந்ததைக் காட்டுகிறது. அசோகரின் 13ஆம் பாறைக் கல்வெட்டு ஐந்து கிரேக்க மன்னர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதே கல்வெட்டில்தான் சோழரும் பாண்டியரும் வருகிறார்கள். தமிழ் வேந்தர்களும் கிரேக்க வேந்தர்களும் ஒரே ஆவணத்தில் அண்டையராக எழுதப்பட்டது, கெய்ரோனியாவுக்குப் பின் பிறந்த உலகத்தில்.

அந்தத் தொடர்பு பின்னும் தொடர்ந்தது. எகிப்தை ஆண்ட இரண்டாம் தாலமி, போர் யானைகளை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவருவதற்காகச் செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்தை நிறுவினார். ரோமர் காலத்தில் அது மிளகுக் கப்பல்களின் துறையானது. அங்கே தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருக்கிறது. முசிறியிலிருந்து சரக்கேற்றி வந்த ஹெர்மபொலோன் என்ற கப்பலின் கடன் ஒப்பந்தம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பப்பிரஸ், கிரேக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ரோம் ஆண்ட காலத்திலும் இந்தியக் கடல் வணிகத்தின் கணக்கு மொழி கிரேக்கமாக இருந்தது. கரைந்துபோன ஒன்றுக்கு இந்த ஆயுள் இருக்காது.

சாதாரண மனிதர்களின் வாழ்க்கையும் இந்தப் புதிய உலகில் சற்று மாறியது. எகிப்தின் தென்கோடியில் எலிபெண்டைன் தீவில் கிடைத்த, கி.மு. 310ஆம் ஆண்டுத் திருமண ஒப்பந்தம் ஒன்றைப் பாருங்கள். மணமகன் ஹெராக்கிளைடீஸ் ஆசியா மைனரின் டெம்னோசைச் சேர்ந்தவர், மணமகள் டெமட்ரியா கோஸ் தீவைச் சேர்ந்தவர். அவள் 1,000 டிராக்மா மதிப்புள்ள துணிமணியும் நகையும் கொண்டுவருகிறாள். கணவன் வேறொரு பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது, வேறொருத்தியிடம் பிள்ளை பெறக் கூடாது. மூன்று பேர் முன்னிலையில் குற்றம் நிரூபணமானால் சீர்ப்பொருளைத் திருப்பித் தருவதோடு மேலும் 1,000 டிராக்மா தர வேண்டும். எங்கே குடிபெயர்வது என்பதை மாப்பிள்ளையும் மாமனாரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். சமத்துவம் என்று இதைச் சொல்ல மாட்டேன்; அவள் தவறினால் சீரை இழப்பாள் என்ற விதியும் அதே தாளில் இருக்கிறது. ஆனால் கணவனின் நடத்தைக்கு எழுத்தில் வரம்பும் தண்டனையும் வைக்க, பிறந்த ஊரைவிட்டு வந்த ஒரு குடும்பத்தால் முடிந்தது.

உண்மையில் எது முறிந்தது?

இவ்வளவு சொன்ன பிறகு, எதிர்த்தரப்பில் இருக்கும் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, தீப்ஸ் என்ற மூன்று பெரிய நகரங்கள் கிரேக்க உலகின் போரையும் சமாதானத்தையும் தாமே முடிவுசெய்த காலம் 338இல் முடிந்தது. அதன்பின் எந்த நகரமும் ஏதோ ஒரு மன்னரின் நிழலைக் கணக்கில் எடுக்காமல் அயலுறவு நடத்த முடியவில்லை. கொரிந்தில், கால்சிசில், டெமட்ரியாசில் மாசிடோனியக் காவற்படைகள் அமர்ந்து தெற்கை அழுத்திப் பிடித்தன. நகரங்களுக்குள் செல்வந்தக் கொடையாளிகளின் கை மெல்ல ஓங்கியது. எகிப்தின் உழவர்கள் அலெக்சாந்திரியாவின் செழிப்புக்கு வரியாக விலை கொடுத்தார்கள். இவை கடுமையான மாற்றங்கள். ஆனால் மரணம் வேறு, மாற்றம் வேறு.

மரணம் என்று எழுதத் தூண்டியது யார்? முதலில் டெமாஸ்தெனிஸ். பிலிப்புக்கு எதிரான அவருடைய உரைகள் அவ்வளவு வலிமையானவை; அவற்றைப் படிப்பவர் அவர் தோற்றதும் எல்லாமே தோற்றதாக உணர்வது இயல்பு. அடுத்து, 19ஆம் நூற்றாண்டின் ஜார்ஜ் குரோட். 1846 முதல் 1856 வரை 12 தொகுதிகளில் அவர் எழுதிய கிரேக்க வரலாறு ஆங்கில உலகையும், அந்த உலகின் கல்வியைப் பெற்ற நம்மையும் ஆட்கொண்டது. ஏதென்சின் மக்களாட்சியை அவர் உளமார நேசித்தார்; அந்த நேசத்தாலேயே அலெக்சாந்தரின் தலைமுறையோடு கதையை நிறுத்திக்கொண்டார். குரோட்டின் கையில் யூக்ரட்டீஸின் சட்டக்கல் இல்லை, கல்லியாஸின் கல்வெட்டு இல்லை, எலிபெண்டைன் பப்பிரஸ் இல்லை, அண்டிகித்தேராவின் பற்சக்கரங்கள் இல்லை. அவை எல்லாம் அவர் எழுதி முடித்த பிறகு மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் வந்தவை. நமக்கு அந்தக் காரணமும் இல்லை.

வீழ்ச்சிக்கு ஒரு தேதி வேண்டுமென்றால் அது கி.மு. 146. அந்த ஆண்டு ரோமத் தளபதி மும்மியஸ் கொரிந்தை எரித்து, ஆண்களைக் கொன்று, மற்றவர்களை அடிமைகளாக விற்று, அக்கீய ஒன்றியத்தைக் கலைத்தார். அதற்கு முன் 167இல் எப்பிரசில் 70 ஊர்கள் சூறையாடப்பட்டு 1,50,000 பேர் அடிமைகளாக்கப்பட்டார்கள். 86இல் சுல்லா ஏதென்சையே ரத்தத்தில் மூழ்கடித்தார். கிளைஸ்தெனிசின் சீர்திருத்தம் நடந்த 508 முதல் கெய்ரோனியா வரை 170 ஆண்டுகள். கெய்ரோனியா முதல் கொரிந்தின் அழிவு வரை 192 ஆண்டுகள். முதல் பகுதியைக் கிரேக்க வரலாறு என்றும், அதைவிட நீண்ட இரண்டாம் பகுதியைப் பின்குறிப்பு என்றும் எழுத எந்த நியாயமும் இல்லை.

இதில் நான் இவ்வளவு அக்கறை காட்டுவதற்குக் காரணம் தேதிக் கணக்கு மட்டும் அல்ல. ஒரு மக்களின் வரலாற்றை அவர்களின் படை தோற்ற நாளோடு மூடிவிடும் பழக்கம், வாழ்க்கை என்பது வெற்றியில் மட்டும் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறது. கெய்ரோனியாவில் தோற்ற மனிதர்கள் வீடு திரும்பி, தங்கள் சபையில் கூடி, கொடுங்கோலனுக்கு எதிராகச் சட்டம் எழுதினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் அண்டை நகரத்திலிருந்து நீதிபதிகளை அழைத்தார்கள், சமமான ஒன்றியம் ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள், பூமியை அளந்தார்கள். தோல்விக்குப் பிறகு எப்படி வாழ்வது என்று தேடும் எந்த மக்களுக்கும் மாரத்தானைவிட இந்த 192 ஆண்டுகள் அதிகம் கற்றுத்தரும். பாடநூல்களின் பட்டியலில் 338 தாராளமாக இருக்கட்டும். ஆனால் அதற்கும் ரோமுக்கும் நடுவில் இந்தப் பக்கங்கள் எழுதப்பட்டே ஆக வேண்டும்.